வரிசை எண் 17: செங்கல், ஒன்று

ராக் இசையைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் உலகம் பூராவும் பேர் வாங்கிய ஓர் அமெரிக்க ராக் பேண்ட் எப்படி வளர்ந்தது, எப்போது அவர்களுக்குள் பேச்சு நின்றது, எப்போது ராசியானார்கள் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. பாட்டைக் கேட்டுத் தெரிந்துகொண்டதில்லை. அவர்கள் பெட்டிகளைத் திறந்து எண்ணியவன் நான்.

மும்பை விமானச் சரக்கு வளாகத்தில் முப்பத்தைந்து வருஷம் கிளியரிங் வேலை பார்த்தேன். வெளிநாட்டிலிருந்து வரும் சாமானுக்குக் கஸ்டம்ஸில் காகிதம் கொடுத்து, பெட்டியைத் திறந்து எண்ணிக் காட்டி, வெளியே எடுத்துத் தருகிற வேலை. பேண்டின் பேரைச் சொல்ல மாட்டேன். பார்ட்டியின் பேரை வெளியில் சொல்லக்கூடாது என்பது எங்கள் தொழிலில் பழக்கம். ஓய்வு பெற்று நாலு வருஷம் ஆகியும் அந்தப் பழக்கம் போகவில்லை.

போன குளிர்காலத்தில் செல்வி போன் செய்திருக்காவிட்டால் இதை எழுதவே மாட்டேன். செல்வி என் பழைய கம்பெனியில் இப்போது என் நாற்காலியில் இருப்பவள். டோம்பிவிலியிலிருந்து வருகிறாள். நான் ஒரு வாரம் செய்த வேலையைக் கம்ப்யூட்டரில் ஒரு மணி நேரத்தில் முடித்துவிட்டு டிபன் சாப்பிடப் போய்விடுவாள்.

"அங்கிள், உங்க அமெரிக்கா பார்ட்டி திரும்ப வராங்க. லிஸ்ட்ல ஃபர்ஸ்ட் ஐட்டமே செங்கல்."

"ஆமாம்மா, தெரியும். ரொம்ப வருஷமா கூடவே கொண்டு வருவாங்க."

"அது டீக், சரி. ஆனா எந்த நாட்டுல செஞ்சதுன்னு எழுதற இடத்துல இந்தியான்னு போட்டிருக்காங்க. டைப்பிங் மிஸ்டேக்கா?"

கையில் இருந்த டீயை மேஜை மேல் வைத்தேன். இத்தனை வருஷம் நான் ஒருத்தன் மட்டும் வயிற்றுக்குள் வைத்திருந்த சந்தேகம் அது. அதை யாரோ அமெரிக்காவில் உட்கார்ந்து டைப் அடித்து அனுப்பியிருக்கிறார்கள்.

முதலிலிருந்து சொன்னால்தான் புரியும்.

நான் பிறந்தது தாராவியில். அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து தோல் பட்டறையில் நின்றவர். நான் மாதுங்காவில் படித்து, டைப்ரைட்டிங் பாஸ் செய்து, இந்தக் கம்பெனியில் பைல் தூக்கச் சேர்ந்தேன். ஆறு வருஷம் தூக்கினேன். பிறகு பரீட்சை எழுதி, போட்டோ ஒட்டிய கஸ்டம்ஸ் கார்டு வாங்கினேன். அந்தக் கார்டு இருந்தால்தான் வளாகத்துக்குள் நுழையலாம், அதிகாரி முன்னால் நிற்கலாம். கார்டு வந்த அன்றைக்கு அம்மா அதைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்தாள். நான் குளிக்கப் போகும்போது மட்டும் சட்டைப் பையிலிருந்து எடுப்பேன்.

என் மேலதிகாரி பாகீரதி மேடம். மாதுங்காக்காரர். குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. பன்னிரண்டரை மணிக்குத் தயிர்சாதம். கையில் எப்போதும் ஒரு பக்கம் சிவப்பு, ஒரு பக்கம் நீலமாக இருக்கும் பென்சில். கண்ணால் பார்த்து எண்ணினால் அவருக்குப் பிடிக்காது. ஒவ்வொரு சாமானையும் விரலால் தொட்டுத்தான் எண்ணவேண்டும். பட்டியலில் ஒவ்வொன்றுக்கும் மூன்று விவரம் எழுதவேண்டும்: பேர், எண்ணிக்கை, அடையாளம். கிதார் என்றால் அதன் சீரியல் நம்பர். சாதாரண மைக் கம்பி என்றாலும் எங்கே கீறல் என்று எழுதவேண்டும்.

இன்னொரு வழக்கமும் அவருக்கு உண்டு. முக்கியமான கேள்வியை மூன்று தடவை கேட்பார். அதே வார்த்தை, அதே குரல்.

"முதல் தடவை கேட்டா வாய் பதில் சொல்லும். ரெண்டாவது தடவை பயம் சொல்லும். மூணாவது தடவைதான் மனுஷன் சொல்லுவான்" என்பார்.

மேடத்தின் மூன்றாவது கேள்வியில் விழாதவர் எங்கள் ஆபீசில் யாருமில்லை. லீவு போட்டவனின் காய்ச்சலெல்லாம் மூன்றாவது கேள்வியில் இறங்கிவிடும்.

கார்டு வாங்கி மூன்று மாதத்தில் அந்தப் பேண்ட் முதல் முறையாக வந்தது. அப்போது அவர்கள் பேண்டும் இல்லை, ஒன்றும் இல்லை. தலைமுடியும் பசியுமாக நாலு பையன்கள். ஒரு குளிர்பானக் கம்பெனி செம்பூரில் ஒரு மைதானத்தில் கச்சேரி ஏற்பாடு செய்திருந்தது. இங்கே முடித்துக்கொண்டு டோக்கியோவுக்குப் போகவேண்டும். அங்கே ஒரு பெரிய பேண்டுக்கு முன்னால் அரை மணி நேரம் வாசிக்க வாய்ப்பு கிடைத்திருந்தது. அது நன்றாகப் போனால் ஒரு கம்பெனி ரெக்கார்டு போடும். போகாவிட்டால் ஊருக்குத் திரும்பி ஆளுக்கொரு வேலை தேடவேண்டும். இதையெல்லாம் டிரம் அடிக்கிற பையன் என்னிடம் சொன்னான். பேர் வெஸ்லி. எங்கள் பாளையங்கோட்டைப் பக்கம் தெருவுக்கு நாலு வெஸ்லி உண்டு என்பதால் சட்டென்று ஒட்டிக்கொண்டேன்.

இப்படிக் கச்சேரிக்கு வரும் சாமானுக்கு ஒரு விதி. விற்கமாட்டோம், அப்படியே திரும்ப எடுத்துப்போவோம் என்று எழுதிக்கொடுத்தால் வரி இல்லாமல் உள்ளே விடுவார்கள். வந்தது அத்தனையும் ஒன்று குறையாமல் திரும்பப் போகவேண்டும். ஒன்று குறைந்தாலும் மொத்தச் சரக்கும் நிற்கும். பட்டியல் போட்டுக் கையெழுத்து வைத்தவன் கார்டும் போகும்.

அன்றைக்கு மேடம் தங்கை மகள் கல்யாணத்துக்குப் போய்விட்டார். நான் தனியாகப் பட்டியல் போட்டேன். அவர்கள் கொடுத்த தாளில் பதினாறு சாமான். கிதார் மூன்று, டிரம் ஒரு செட், ஆம்ப்ளிஃபயர், நாலு பேருக்கும் பொதுவாக ஒரு வெந்நீர்க் கெண்டி. டிரம் பெட்டியைத் திறந்தேன். அடியில் ஒரு துண்டு. துண்டுக்குள் ஒரு செங்கல்.

"இது என்ன?"

பெரிய டிரம்மைக் காலால் மிதித்து அடிக்கும்போது அது முன்னால் நகர்ந்துகொண்டே போகுமாம். அதைத் தடுக்க முன்னால் செங்கல்லை வைப்பானாம். வெஸ்லி காலை ஆட்டிக் காட்டினான்.

புத்தியுள்ளவன் துண்டை மூடிவைத்திருப்பான். எனக்குக் கார்டு புதுசு. பாகீரதி மேடத்திடம் வேலை கற்றவன் ஒன்றையும் விடக்கூடாது என்று ஒரு வீறாப்பு. பதினேழாவது வரி சேர்த்தேன்: செங்கல், ஒன்று. அடையாளம் என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று யோசித்து, "சிவப்பு" என்று எழுதினேன். வெஸ்லி அதைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தான். பிறகு கையெழுத்துப் போட்டான்.

மறுநாள் சாயங்காலம் கச்சேரி. குளிர்பானம் இலவசம் என்று வந்தவர்கள் குடித்துவிட்டுக் கிளம்பிக்கொண்டே இருந்தார்கள். கடைசிப் பாட்டின்போது மேடைக்கு முன்னால் நின்றவர்களைவிடப் பின்னால் சாமான் காவலுக்கு நின்ற நாங்கள்தான் அதிகம்.

அடுத்த நாள் காலை மைதானத்தில் மூட்டை கட்டினோம். தொட்டு எண்ணினேன். பதினாறு. திரும்ப எண்ணினேன். பதினாறு. செங்கல் இல்லை.

மேடை போட்டவர் காசிம் பாய், மேலப்பாளையத்துக்காரர். தாராவியில் தொண்ணூறு அடி ரோட்டுப் பக்கம் அவருக்குச் சாமான் போட்டுவைக்கிற கிட்டங்கி. மைதானம் மேடும் பள்ளமுமாக இருந்ததால் மேடைக் கால்களுக்கு அடியில் செங்கல் கொடுத்து நிமிர்த்தியிருந்தார். விடிந்ததும் அவருடைய ஆட்கள் மேடையைப் பிரித்து, தரையில் கிடந்த செங்கல் அத்தனையையும் டெம்போவில் ஏற்றிப் போய்விட்டார்கள். வெஸ்லியின் செங்கல்லையும் சேர்த்து.

கல்யாணம் முடிந்து ஆபீசுக்கு வந்திருந்த மேடத்துக்குப் போன் செய்தேன். பட்டியலை எடுத்துப் படித்தார்.

"செங்கல்லுக்கு அடையாளம் சிவப்பா? பச்சைல ஒண்ணு வந்துடுமோன்னு பயந்தயா?"

அவர் பதிலுக்குக் காத்திருக்கவில்லை.

"ஒரு மணிக்குள்ள சரக்கைக் காட்டணும். போய்த் தேடு" என்றார்.

காசிம் பாயின் கிட்டங்கியில் டெம்போ அப்போதுதான் இறக்கி முடித்திருந்தது. ஆள் உயரத்துக்குச் செங்கல் குவியல்.

"அமெரிக்காக்காரன் கல்லா? அதுக்கு என்ன வே அடையாளம்?" என்று கேட்டார் காசிம் பாய்.

"சிவப்பு, பாய்."

அவர் குவியலைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். உள்ளே வேலை பார்த்துக்கொண்டிருந்த அக்காவிடம், "யாத்தே, நம்ம முத்து வந்திருக்கான், ஒரு டீ போடு. கொஞ்சம் நேரம் ஆவும்" என்றார்.

ஒரு மூலை உடைந்திருந்தது மட்டும் எனக்கு ஞாபகம் இருந்தது. மூலை உடைந்ததாகப் பொறுக்கிப் போட்டோம். பதினொன்று தேறியது. காசிம் பாய் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்து, "வெளிநாட்டுக் கல்லுன்னா கொஞ்சம் கனமா இருக்குமே வே" என்று பக்கத்துப் பழைய இரும்புக் கடையிலிருந்து தராசைக் கொண்டுவரச் சொன்னார். நிறுத்தோம். பதினொன்றும் பங்காளிகள்போல ஒரே எடை. இரும்புக் கடைக்காரர் முகர்ந்து பார்த்து ஒன்றைச் சிபாரிசு செய்தார். டீ கொண்டுவந்த அக்கா இன்னொன்றைச் சொன்னார். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கார்டு போனால் திரும்பப் பைல் தூக்கவேண்டும், அதுவும் வேறு எவனாவது வேலை கொடுத்தால். எனக்காவது பைல் உண்டு. நாலு பையன்களின் டோக்கியோ என் ஒரு வரியால் நின்றுபோகும்.

கடைசியில் பக்கவாட்டில் ஒரு கறுப்புக் கோடு இருந்த கல்லை எடுத்தேன். ஏன் அதை எடுத்தேன் என்று இன்றைக்கும் தெரியாது. கைக்குட்டையில் சுற்றி, டாக்சி பிடித்தேன். வளாகத்துக்கு வெளியே லாரிகள் வழியை அடைத்துக்கொண்டு நின்றதால் இறங்கி, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஓடினேன்.

உள்ளே நாலு பையன்களும் பெட்டி மேல் உட்கார்ந்து வடாபாவ் தின்றுகொண்டிருந்தார்கள். மேடம் இரும்பு நாற்காலியில். மேஜைக்குப் பின்னால் அதிகாரி, என் பட்டியலை விரலால் தட்டிக்கொண்டு.

"ஈண்ட் லிகா கிஸ்னே?" என்று கேட்டார். செங்கல் என்று எழுதியது யார் என்று அர்த்தம்.

நான்தான் என்றேன்.

"லிகா ஹை தோ திகாவ்." எழுதியிருக்கிறாய் அல்லவா, காட்டு.

கைக்குட்டையைப் பிரித்தேன். மேடம் அதைப் பார்த்தார்.

"இதுதானா?"

"இதுதான் மேடம்."

"இதுதானா?"

"ஆமா மேடம்."

"இதுதானா?"

"தெரியல மேடம்" என்றேன்.

மேடம் திட்டவில்லை. அதிகாரியிடம், சாமானுக்குச் சொந்தக்காரர் பார்த்து அடையாளம் சொல்லட்டும் என்றார். அதிகாரி ஒப்புக்கொண்டார். மேடம் வெஸ்லியைக் கூப்பிட்டு இங்கிலீஷில் நிதானமாகச் சொன்னார்: "இந்தப் பையனின் லைசென்ஸ் உன் பதிலில் இருக்கிறது. அதற்காகப் பொய் சொல்லாதே. உன்னுடையது இல்லை என்றால் இல்லை என்று சொல்."

நேர்மையாக நடக்கவேண்டும் என்று அவர் சொன்னதுதான், என் கார்டு ஆபத்தில் இருக்கிறது என்பதை வெஸ்லிக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டது. அது எனக்கு இப்போதுதான் புரிகிறது.

வெஸ்லி கல்லை வாங்கினான். திருப்பிப் பார்த்தான். காதருகே வைத்து விரல் முட்டியால் இரண்டு தட்டுத் தட்டினான்.

"என்னுடையதுதான்."

மேடம் விடவில்லை. இரண்டாவது தடவை கேட்டார். மூன்றாவது தடவையும் கேட்டார். மூன்று தடவையும் அதே முகம், அதே குரல், அதே பதில். அதிகாரி முத்திரை குத்தினார். சரக்கு விமானம் ஏறியது. டோக்கியோவில் என்ன ஆனது என்பதை ரேடியோ கேட்கிறவர்கள் எல்லாரும் அறிவார்கள்.

திரும்பி வரும்போது மேடம், "மூணு தடவையும் ஒரே மாதிரி சொல்லிட்டான். அப்போ நிஜமாத்தான் இருக்கணும்" என்றார். எனக்குப் பாதி நிம்மதி வந்தது. மறு பாதி வரவே இல்லை.

அடுத்த தடவை அவர்கள் வந்தபோது நவி மும்பையில் ஸ்டேடியம். பட்டியல் நாற்பது பக்கம். சமையல்காரருக்கே எட்டுப் பெட்டி. முதல் வரியில் செங்கல், ஒன்று. அதற்கென்று பூட்டு வைத்த அலுமினியப் பெட்டி, உள்ளே பஞ்சு மெத்தை. அந்தச் செங்கல் இல்லாமல் அவர்கள் மேடை ஏறுவதில்லை என்று பத்திரிகையில் போட்டிருந்தார்கள். அந்தக் கல்லின் முகத்தில் விழிக்க எனக்குத் துணிவில்லை. உடம்பு சரியில்லை என்று சொல்லி அன்றைக்கு வேறு ஆளை எண்ண அனுப்பினேன். பட்டியலில் மட்டும் ஒன்றைக் கவனித்தேன். வெந்நீர்க் கெண்டி நாலு, நாலு தனிப் பெட்டியில். ஒரு கெண்டியில் குடித்த பையன்கள். அடுத்த வருஷம் அவர்கள் பிரிந்துவிட்டதாகச் செய்தி வந்து ஊரே அதிர்ந்தது. எனக்குப் பட்டியலில் கெண்டியைப் பார்த்தபோதே தெரியும்.

இப்போது கடைசிச் சுற்றுப்பயணம். செல்வி பட்டியலைப் போனில் அனுப்பினாள். இடுப்புக்கு முட்டுக்கொடுக்கும் நாற்காலி, ரத்த அழுத்தம் பார்க்கும் கருவி, காதுக்கருவி இரண்டு ஜோடி. வெந்நீர்க் கெண்டி ஒன்று. நாலு பேரில் ஒருவர் தவறிப்போயிருந்தார். மிச்சம் மூன்று பேரும் மறுபடி ஒரே கெண்டிக்கு வந்திருக்கிறார்கள் என்று படித்தபோது எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, கஷ்டமாகவும் இருந்தது.

செங்கல் எந்த நாடு என்று செல்வி அவர்களுக்கு எழுதிக் கேட்டாள். தப்பில்லை, இந்தியாதான் என்று பதில் வந்தது. கூடவே ஒரு கேள்வியும்: அன்றைக்கு அதைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தவர் இன்னும் இருக்கிறாரா?

"அங்கிள், பாஸ் ரெடி. பயந்து லீவு போடாதீங்க" என்றாள் செல்வி.

மத்தியானம் போனேன். காலி ஸ்டேடியத்தில் மேடை போட்டுக்கொண்டிருந்தார்கள். வெஸ்லிக்குத் தலைமுடி போயிருந்தது. கண்ணில் மட்டும் அதே பசி. டிரம்முக்கு முன்னால் அந்தக் கல், கறுப்புக் கோட்டோடு.

கும்பிட்டேன். உடனே கேட்டும்விட்டேன்: "இது உன்னுடையது இல்லை என்று உனக்கு எப்போது தெரியும்?"

"நீ கைக்குட்டையைப் பிரித்தபோதே. என்னுடையது என்று எனக்கு ஒரு கல்லே கிடையாது. ஊருக்கு ஊர் ஏதாவது ஒரு கல்லைப் பொறுக்குவேன், வாசித்து முடித்ததும் அங்கேயே போட்டுவிடுவேன். முந்தின ஊர்க் கல்லைப் போடமறந்து பெட்டியில் வைத்துவிட்டேன். நீ எழுதிக்கொண்டாய்."

"பிறகு ஏன் மூன்று தடவை ஆமாம் என்றாய்?"

"டிரம் அடிக்கிறவன் நான். ஒரே அடியை மூன்று தடவை ஒரே மாதிரி அடிப்பது எனக்கு என்ன கஷ்டம்?" என்று சிரித்தான். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னான்: "முந்தின நாள் நாங்கள் வாசித்துக்கொண்டிருக்கும்போதே ஜனங்கள் எழுந்து போனார்கள். எல்லா ஊரிலும் அப்படித்தான். எங்கள் சாமானுக்காக ஒருத்தன் சட்டையெல்லாம் செம்மண்ணாக ஓடிவந்து அன்றைக்குத்தான் பார்த்தேன். அந்தக் கல்லை எப்படிக் கீழே போடுவது?"

இந்தியா என்று எழுதியது அவன்தானாம். இதுவே கடைசிப் பயணம், இனியாவது பட்டியலில் உண்மை இருக்கட்டும் என்று தோன்றியதாம். கச்சேரி முடிந்து சரக்கு திரும்பும் நாளில் செல்வி வாங்கித்தந்த பாஸில் நானும் வளாகத்துக்குப் போயிருந்தேன், அவனும் வந்தான். அலுமினியப் பெட்டியைத் திறந்து கல்லை எடுத்து இரண்டு கையாலும் என்னிடம் நீட்டினான். இது உன் ஊர்க் கல், நீயே வைத்துக்கொள் என்றான்.

கை தானாக நீண்டுவிட்டது. வாங்கியும்விட்டேன். பக்கத்தில் செல்வி பட்டியலோடு நின்றாள். முதல் வரியில் இன்னும் டிக் போடாமல் பேனாவை மட்டும் பிடித்துக்கொண்டிருந்தாள்.

எந்த ஊர்க் கல்லாக இருந்தால் என்ன, பட்டியலில் வந்தது திரும்பப் போகவேண்டும். அதை வெஸ்லியிடம் நான்தான் சொன்னேன். பெட்டிக்குள் மெத்தையில் வைத்து, விரலால் தொட்டு, "ஒன்று" என்று எண்ணினேன். செல்வி டிக் போட்டாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சான்பாடா போனேன். பாகீரதி மேடம் அங்கே மகள் வீட்டில் இருக்கிறார். எண்பது தாண்டிவிட்டது, காது மட்டும் கொஞ்சம் மந்தம். எல்லாவற்றையும் உரக்கச் சொன்னேன். வெஸ்லி மூன்று தடவையும் பொய் சொன்னதைக் கேட்டு, "படவா, என்னையே ஏமாத்திட்டானே" என்று ரொம்ப நேரம் சிரித்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"திருப்பி அனுப்ப மனசு வந்துதா?"

"வந்துது மேடம். விதி அதுதானே."

"மனசு வந்துதா?"

"வந்துது மேடம்."

அவர் பென்சில் பிடிக்கிற விரலால் நாற்காலிக் கையை மெல்லத் தட்டினார்.

"மனசு வந்துதா?"

"இல்ல மேடம்" என்றேன்.